உறையாத கடலும் உறையும் சாலையும்

நார்வே நாட்டின் வடகரை ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி நெடுந்தொலைவு நீள்கிறது. அதே அட்சரேகையில் அமைந்த கிரீன்லாந்தின் கிழக்குக் கரையைக் குளிர்காலத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ள, நார்வேயின் துறைமுகங்களோ ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. வளைகுடா நீரோட்டத்தின் தொடர்ச்சியாகிய வட அட்லாண்டிக் நீரோட்டம் சுமந்துவரும் வெப்பமே இதற்கு முதன்மைக் காரணம். கடல் உறையாமையால் அங்கு ஊர்கள் நிலைத்தன. ஊர்கள் நிலைத்தமையால் கடுங்குளிரிலும் சாலைகளைத் திறந்துவைக்க வேண்டியதாயிற்று. அச்சாலைகளை நாடி மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு ஊர்திகளில் பயணிகள் வருகின்றனர்.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகிய அனைத்தும் ஒரே ஊர்திக்குள் அமைந்தது இவ்வீடு. கோடையில் இது ஓய்வுக்குரிய இடம். பனிக்காலத்தில் உயிர்காக்கும் கருவி. அதன் ஒவ்வோர் உறுப்பும் மற்றொன்றைச் சார்ந்தே இயங்குகிறது.

எரிவாயுவை எடுத்துக்கொள்வோம். உருளையில் உள்ள நீர்மம் ஆவியானால்தான் வெப்பமூட்டி எரியும். பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழச் சுழியத்துக்குக் கீழே அரை டிகிரி செல்சியஸ். குளிர் அதற்கும் கீழே இறங்கினால், உருளை நிறைந்திருந்தும் அடுப்பு எரியாது. புரோப்பேனோ சுழியத்துக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே வடக்கே செல்வோர் புரோப்பேனையே நிரப்பிக்கொள்கின்றனர். இதை அறியாதவரின் இடர் வாயுவோடு முடிவதில்லை. வெப்பமூட்டி நின்றதும் குழாய்களில் நீர் உறைகிறது. உறையும் நீர் விரிவடைந்து குழாயைப் பிளக்கிறது. சில ஊர்திகளில் வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வெந்நீர்க் கலத்தைத் தானே திறந்து வெறுமையாக்கும் அடைப்பிதழ் உண்டு. உறங்கி எழுவோர்க்கு அது தண்ணீர் இழப்பாகத் தோன்றலாம். உண்மையில் கலத்தைக் காத்த செயல் அது.

மூச்சுக்காற்றின் ஈரமும் சாளரங்களில் படிந்து உறையும். குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளை அடைத்துவிடுவது பெரும்பிழை. பனி மூடிய புகைபோக்கியும் அடைபட்ட துளைகளும் சேர்ந்தால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கி, உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். டீசலுக்கும் தனிக்கவனம் தேவை. கோடைக்கால டீசலில் உள்ள மெழுகு குளிரில் படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடும். குளிர்கால டீசலே அங்கு உதவும்.

ஊரைக் காக்கும் கடலின் வெப்பமே சாலையில் பகையாகவும் மாறுகிறது. உள்நாட்டில் குளிர் கடுமையானாலும் நிலையானது. கரையிலோ வெப்பநிலை சுழியத்தை அடிக்கடி கடக்கும். பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடிபோல் இறுகும். அதன்மீது மழையும் பெய்யும். உயர்ந்த பக்கங்களைக் கொண்ட வீட்டு ஊர்தியைக் கடற்காற்று பாய்மரத்தைத் தள்ளுவதுபோல் தள்ளும். சக்கரங்களில் ஆணி பதித்த டயர் இருப்பினும், காற்று ஓயும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

மாகெரோயா தீவிலுள்ள நூர்காப் முனைக்குச் செல்லும் சாலையில் இவை அனைத்தும் ஒருங்கே எதிர்ப்படும். தீவை நிலப்பரப்போடு இணைக்கும் சுரங்கச்சாலை 1999இல் திறக்கப்பட்டது. கடல்மட்டத்துக்குக் கீழே 212 மீட்டர் வரை இறங்கி ஏறும் அது ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுடையது. அதன்பின் வரும் இறுதி 13 கிலோமீட்டரில் குளிர்காலத்தில் எவரும் விரும்பியபோது தனித்துச் செல்ல இயலாது. தடுப்பின்முன் ஊர்திகள் காத்திருக்க, குறித்த நேரத்தில் பனி அகற்றும் ஊர்தி முன்செல்ல, ஏனையவை அணியாகப் பின்தொடர்கின்றன. காற்று பனித்துகளை வாரியிறைக்கும்போது வானும் நிலமும் ஒரே வெண்மையாகிவிடும். முன்செல்லும் ஊர்தியின் விளக்கு ஒன்றே வழி. அணியில் சேர்வோரிடம் போதிய எரிபொருளும் கதகதப்பான உடையும் இருத்தல் வேண்டும். இடையில் திரும்புதல் கூடாது. தகுதியற்ற ஊர்தியை அணியில் சேர்க்க மறுக்கும் உரிமையும் சாலைப் பணியாளர்க்கு உண்டு. நெடுந்தொலைவு வந்தவர்க்கு அம்மறுப்பு கசப்பாயினும், நடுவழியில் ஒரு ஊர்தி நின்றால் அணி முழுவதும் பனியில் சிக்கும் என்பதே அதன் நியாயம்.

முனையில் 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை கடலை நோக்கி நிற்கிறது. நவம்பர் இறுதி முதல் சனவரி இறுதி வரை அங்குக் கதிரவன் எழுவதில்லை. நண்பகலில் சில மணிநேரம் நீலநிற அரையொளி மட்டும் பரவும். கீழே, உறையாத கடல் கருநிறமாய் அலைபுரள்கிறது. பயணிகள் அதைக் கண்டு நிற்கும் பொழுதும் அளவுடையதே. திரும்பும் அணி புறப்படுமுன் அவர்கள் தத்தம் ஊர்திக்கு வந்துவிடுதல் வேண்டும்.