ப்ளஸ் டூ-வில் டாப்பர், என்ட்ரன்ஸில் தடுமாற்றம்... ஏன்? கேள்வியை 'விட'க் கத்துக்கோங்க பாஸ்!

பப்ளிக் எக்ஸாம் ஹாலுக்குள் போகும் முன் டீச்சர் கடைசியாகச் சொல்வது, தமிழ்நாட்டில் எந்த ஸ்கூலாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "எதையும் விட்டுட்டு வராதே. தெரியலைன்னாலும் ஏதாவது எழுதி வை."

ப்ளஸ் டூ தேர்வுக்கு இது சூப்பர் அட்வைஸ். தப்பாக எழுதினால் யாரும் மார்க்கைப் பிடுங்கப்போவதில்லை. ஃபார்முலா மட்டும் எழுதினால்கூட அரை மார்க், ஒரு மார்க் விழ வாய்ப்பு உண்டு. ஆனா, இதே பழக்கத்தோடு அடுத்த ஒண்ணு ரெண்டு மாதத்தில் நீட், ஜே.இ.இ, க்யூட் என்று போய் உட்காரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நல்லாப் படிக்கிற பசங்ககூட, "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்ணா, டைம்தான் பத்தல" என்று வெளியே வருவது இதனால்தான்.

அவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. 12 வருஷம் ஒரு ஆட்டத்துக்குப் பழகிவிட்டு, ஒரே நாளில் வேறொரு ஆட்டத்தை ஆடுகிறார்கள். அந்த இன்னொரு ஆட்டத்தின் ரூல்ஸ் என்ன, அதற்கு எப்படித் தயாராவது? நீங்கள் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. வீட்டில் படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தால் உங்களுக்கும்தான்.

முதல்ல பதற்றத்தைக் குறைப்போம்

எல்லோருக்கும் என்ட்ரன்ஸ் தேவையில்லை. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குப் போடும் கட் ஆஃப்தான் அண்ணா யுனிவர்சிட்டி வரைக்கும் கூட்டிப்போகிறது. பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளிலும் ப்ளஸ் டூ மார்க்தான்.

என்ட்ரன்ஸ் எழுத வேண்டியவர்கள் யார்? மருத்துவம், பல் மருத்துவம் என்றால் நீட். திருச்சி என்.ஐ.டி மாதிரியான இடங்களுக்கு ஜே.இ.இ மெயின். ஐ.ஐ.டி-க்கு அதைத் தாண்டி ஜே.இ.இ அட்வான்ஸ்டு. திருவாரூரில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு க்ளாட். ஆராய்ச்சிதான் கனவு என்றால் ஐசர் நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஏ.டி. ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா.

இதில் ஒண்ணு, அதிகபட்சம் ரெண்டைத் தேர்ந்தெடுங்கள். "எல்லாத்தையும் எழுதிப் பார்ப்போம்" என்று ஆறு அப்ளிகேஷன் போட்டால், ஃபீஸும் போகும், எதற்கும் உருப்படியாகத் தயாராகவும் முடியாது.

32 Vs 180

ப்ளஸ் டூ இயற்பியல் தேர்வில் 38 கேள்விகள் இருக்கும். அதில் 32-க்கு விடை எழுதினால் போதும். நேரம் மூணு மணி நேரம். நீட் தேர்வுக்கும் அதே மூணு மணி நேரம்தான். ஆனா, 180 கேள்விகள். சாய்ஸ் கிடையாது.

ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை 2025-ம் ஆண்டுத் தேர்வு முறைப்படி பாருங்கள்.

* நீட்: 180 கேள்விக்கு 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 1 நிமிடம். ஓ.எம்.ஆர் ஷீட்டில் வட்டத்தை நிரப்பும் நேரமும் இதற்குள்தான்.
* க்யூட்: ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம். ஒரு கேள்விக்கு 72 விநாடி.
* க்ளாட்: 120 கேள்வி, 120 நிமிடம். நீளமான பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வதும் அந்த நேரத்திலேயே.
* ஜே.இ.இ மெயின்: 75 கேள்வி, 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி.
* ஐ.ஏ.டி: 60 கேள்வி, 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 3 நிமிடம்.

மூணு நிமிடம் கொடுக்கும் தேர்வு யோசிக்கச் சொல்கிறது. ஒரு நிமிடம் கொடுக்கும் தேர்வு, பார்த்தவுடன் அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்கிறது. அதனால், எந்தத் தேர்வு என்று முடிவு செய்த பிறகுதான் எப்படிப் படிப்பது என்பதே முடிவாகும்.

மூணு ரவுண்டு

நீட்டில் ஒரு பிசிக்ஸ் கணக்கில் மாட்டிக்கொண்டு நாலு நிமிடம் செலவு பண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடையும் வந்துவிட்டது. நாலு மார்க், ஹேப்பி! ஆனா அந்த நேரத்தில், தெரிந்த வேறு நாலு கேள்விகளை முடித்து 16 மார்க் எடுத்திருக்கலாம். கடைசியில் அந்த நாலு கேள்விக்கு நேரமில்லாமல் பெல் அடித்தால் நஷ்டம் 12 மார்க்.

'விடுவது' என்றால் மொத்தமாகக் கைகழுவுவது இல்லை. அப்புறம் வருகிறேன் என்று தள்ளிவைப்பது.

முதல் ரவுண்டில், பார்த்தவுடன் விடை தெரியும் கேள்விகள் மட்டும். ரெண்டாவது ரவுண்டில், வழி தெரியும், ஆனால் கணக்குப் போட வேண்டும் என்கிற கேள்விகள். மூணாவது ரவுண்டில், ரெண்டு ஆப்ஷனை அடித்துவிட்டு மீதி ரெண்டில் யோசிக்கும் கேள்விகள். கம்ப்யூட்டர் தேர்வில் 'மார்க் ஃபார் ரிவ்யூ' பட்டன் இருப்பது இதற்குத்தான். பேப்பர் தேர்வில் கேள்வித்தாளில் சின்னதாக ஒரு குறி போட்டால் போதும்.

நீட் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேள்வியைத் தாண்டும்போது ஓ.எம்.ஆர் ஷீட்டிலும் அந்த வரிசையை மறக்காமல் தாண்டுங்கள். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடாமல், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்புவது நல்லது. பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது.

நெகட்டிவ் மார்க்... நிஜக் கணக்கு இதுதான்

நீட், ஜே.இ.இ மெயின், ஐ.ஏ.டி மூன்றிலும் சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. க்யூட்டில் 5, மைனஸ் 1. க்ளாட்டில் 1, மைனஸ் கால்.

"தெரியலைன்னா தொடவே தொடாதே" என்பார்கள் சிலர். "குருட்டாம்போக்குல அடிச்சு விடு" என்பார்கள் சிலர். ரெண்டுமே முழு உண்மை இல்லை. நாலு ஆப்ஷன் உள்ள 40 கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், சராசரியாக 10 சரியாகும், 30 தப்பாகும். 40 மார்க் வரும், 30 மார்க் போகும். மிச்சம் 10. பெரிய லாபம் இல்லை. அதிர்ஷ்டம் கைவிட்டால் மைனஸிலும் போகும்.

அதே 40 கேள்விகளில், நிச்சயமாகத் தப்பு என்று தெரியும் ரெண்டு ஆப்ஷனை அடித்துவிட்டு மீதியில் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தால்? சராசரியாக 20 சரி, 20 தப்பு. 80-ல் 20 போனால் மிச்சம் 60. ஆப்ஷனை அடிக்கத் தெரிவதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

ஆனால், அரைகுறையாகத் தெரிந்த கேள்விதான் ஆபத்து. மாணவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குவார்கள் என்று யோசித்துத்தான் தப்பான ஆப்ஷன்களைத் தயார் செய்கிறார்கள். யூனிட்டை மாற்ற மறந்தால் என்ன விடை வருமோ, அது அங்கே ஒரு ஆப்ஷனாக உட்கார்ந்திருக்கும். "ஆஹா, நம்ம விடை இருக்கே" என்று அதை டிக் அடித்துவிடுவோம். கேள்வியைத் திரும்ப ஒருமுறை படித்துவிட்டு விடையைக் குறிப்பது இதனால்தான் முக்கியம்.

ஜே.இ.இ மெயினில் ஒரு பாடத்துக்கு 5 கேள்விகளுக்கு ஆப்ஷனே இருக்காது. விடையை எண்ணாக உள்ளிட வேண்டும். தப்பானால் அங்கேயும் மைனஸ் உண்டு. அங்கே மட்டும் கெஸ் வேண்டாம்.

மார்க்கைப் பார்க்காதீங்க, தப்பைப் பாருங்க

மாக் டெஸ்ட் எழுதியதும் எல்லோரும் செய்வது, மார்க்கைப் பார்ப்பது. அப்புறம் சோர்ந்துபோவது அல்லது ஸ்டேட்டஸ் போடுவது. ஆனால், டெஸ்ட் எழுதிய மூணு மணி நேரத்தைவிட, அதற்குப் பிறகு உட்காரும் ரெண்டு மணி நேரத்தில்தான் மார்க் ஏறும்.

ஒரு நோட்டு எடுத்து மூணு கட்டம் போடுங்கள். 'பாடமே தெரியல', 'தெரிஞ்சும் தப்பு', 'டைம் பத்தல'. தப்பான ஒவ்வொரு கேள்வியும் இதில் ஒரு கட்டத்தில் விழும். முதல் கட்டம் நிரம்பினால் புத்தகத்துக்குத் திரும்பணும். ரெண்டாவது நிரம்பினால் இன்னொரு கைடு வாங்கிப் பிரயோஜனம் இல்லை, நிதானம்தான் தேவை. மூணாவது நிரம்பினால், விடப் பழகணும். தெரிந்த ஒரு கேள்வி தப்பாகப் போனால், நஷ்டம் 4 மார்க் இல்லை, 5 மார்க் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

டெஸ்ட்டுக்காகக் காசு கொட்ட வேண்டியதில்லை. தேர்வை நடத்தும் என்.டி.ஏ-வின் இணையதளத்தில் பழைய கேள்வித்தாள்கள் கிடைக்கின்றன. கல்வி அமைச்சகமும் ஐ.ஐ.டி கான்பூரும் சேர்ந்து தொடங்கிய 'சாத்தீ' தளத்தில் நீட், ஜே.இ.இ, க்யூட்டுக்கான பாடங்களும் டெஸ்ட்டுகளும் இலவசம். கம்ப்யூட்டர் தேர்வு எழுதுபவர்கள் போனில் மட்டும் பழகாமல், ஸ்கூல் ஹைடெக் லேபிலோ நண்பர் வீட்டிலோ மவுஸ் பிடித்துச் சில டெஸ்ட்டாவது எழுதிவிடுங்கள்.

ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் தூசி தட்டுங்க

நீட்டும் ஜே.இ.இ-யும் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ரெண்டு பாடத்திலிருந்தும் கேட்கின்றன. முன்பு நிறைய பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராக ப்ளஸ் டூ போர்ஷனுக்குத் தாவின. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது கைவிடப்பட்டிருக்கிறது. மாணவர்களுக்கு நிம்மதிதான். ஆனால், என்ட்ரன்ஸ் எழுதுபவர்கள் ப்ளஸ் ஒன்னை 'ரெஸ்ட் எடுக்கிற வருஷம்' என்று நினைத்தால், பாதி சிலபஸ் போச்சு.

படிக்கும்போது புக் பேக் கேள்வியோடு நிறுத்தாமல், பாடத்தின் உள்ளே இருக்கும் வரிகள், படங்கள், அட்டவணைகளையும் படியுங்கள். நீட் எழுதுபவர்கள் நம் ஸ்டேட் போர்டு புத்தகத்தில் புரிந்துகொண்டு, பயாலஜிக்கு என்.சி.இ.ஆர்.டி-யையும் வரி வரியாகப் படித்துவிடுவது நல்லது.

தமிழ் மீடியம் மாணவர்கள் நீட், ஜே.இ.இ மெயின், க்யூட் மூன்றையும் தமிழில் எழுதலாம். அப்ளிகேஷனிலேயே மொழியைத் தேர்வு செய்துவிட வேண்டும். நீட், ஜே.இ.இ-யில் மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதியானது. அதனால் 'முடுக்கம்' என்று படிக்கும்போதே பக்கத்தில் 'ஆக்சிலரேஷன்' என்றும் எழுதிப் பழகுங்கள். ஜே.இ.இ அட்வான்ஸ்டு, க்ளாட் இரண்டிலும் தமிழ் கிடையாது.

அக்கா, அண்ணன்களுக்கு...

வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி போகப்போகும் தம்பி, தங்கச்சிக்கு நீங்கள்தான் கைடு. பாடம் சொல்லிக்கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரம் டி.வி-யை ஆஃப் பண்ணி, போனை வாங்கி வைத்து, டைமர் போட்டு ஒரு டெஸ்ட் எழுதவைத்தால் அதுவே பெரிய உதவி.

அடுத்தது, பேப்பர் வேலை. ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மாநில அரசின் பி.சி, எம்.பி.சி சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குச் செல்லாது. அதற்கென்று தனி வடிவத்தில் ஓ.பி.சி சான்றிதழ் வாங்க வேண்டும். ஆறு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் இன்ஜினீயரிங்கிலும் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடங்களில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இது தெரியாமலேயே "நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது" என்று ஒதுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தத் தேர்வுகள் நியாயமானவையா, கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் செலவு செய்ய முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் ஒரே தராசா என்கிற கேள்வி தமிழ்நாட்டில் ஓயவில்லை. ஓயவும் கூடாது. ஆனால், இந்த வருஷம் ஹாலுக்குள் போகும் பிள்ளைக்கு இன்றைக்குத் தேவை, கையில் இருக்கும் அந்த மூணு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்கிற தெளிவு.

ரிசல்ட் எதிர்பார்த்தபடி வரவில்லை என்றாலும் வழி மூடிவிடாது. மார்க் அடிப்படையிலான கவுன்சலிங் இருக்கிறது, வேறு படிப்புகள் இருக்கின்றன, அடுத்த வருஷமும் இருக்கிறது. தம்பி, தங்கச்சி திடீரென்று யாரோடும் பேசாமல் இருந்தால் மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பக்கத்தில் இருங்கள். மனசு ரொம்பத் தளர்ந்தால் 14416 என்கிற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேள்வித்தாளை எடுங்கள். டைமர் போடுங்கள். முதல் ரவுண்டில் எத்தனை கேள்விகளைத் தயங்காமல் தாண்டினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தயக்கம் குறையக் குறைய மார்க் ஏறும்!