கழுத்து வழியே ஒரு குழாய்

பல சுற்று கீமோ முடித்தவர்கள், உடல் மிகப் பருத்தவர்கள், ரத்த அழுத்தம் சரிந்து சிரைகள் ஒட்டிப்போனவர்கள். இவர்கள் கையில் ஊசி எளிதில் ஏறாது. "நரம்பே கிடைக்கல" என்று நர்ஸ் கையை விரித்தால், இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைக்கே குழாய் செலுத்தப் பார்ப்பார் மருத்துவர். அதுதான் சென்ட்ரல் லைன்.

ஊசியால் குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழாயை நகர்த்த வேண்டும். ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953-ல் தமனிகளுக்காக வெளியிட்ட உத்தி இது, சிரைக்கும் கைகொடுத்தது.

சிக்கல் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. கழுத்துச் சிரையை ஒட்டியே கரோட்டிட் தமனி. காறை எலும்புக்கு அடியில் குத்தினால் நுரையீரலின் நுனி. நுரையீரலில் ஓட்டை விழுந்தால் நெஞ்சுக்குள் காற்று சேர்ந்து மூச்சு முட்டும். தமனியில் மெல்லிய ஊசி பட்டால் அழுத்திப் பிடித்தே சமாளிக்கலாம். தடித்த குழாயே தமனிக்குள் போய்விட்டால்? பதறி உருவக் கூடாது. துளையை இப்போது அடைத்திருப்பது அந்தக் குழாய்தான். அதை அப்படியே விட்டு ரத்தநாள அறுவை நிபுணரைக் கூப்பிட வேண்டும்.

குத்தும் தடவை கூடக்கூட ஆபத்தும் கூடும். அல்ட்ராசவுண்ட் வந்தபின் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது: கருவியால் லேசாக அழுத்தினால் சிரை நசுங்கும், தமனி அவ்வளவு எளிதில் நசுங்காது. ஆனாலும் ஊசிமுனை திரையிலிருந்து நழுவினால், சிரையின் பின்சுவரைத் துளைத்துத் தமனியைத் தொட்டுவிடும். கருவி இருக்கிறதென்ற தெம்பு மட்டும் போதாது.

என் பார்வையில் மிகக் கடினமானவர்கள் நெடுநாள் டயாலிசிஸ் நோயாளிகள். முன்பு போட்ட குழாய்களே உள்சுவரைத் தழும்பாக்கிச் சிரையைச் சுருக்கியிருக்கும். கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்தால் சிரை திறந்தே தெரியும். கம்பியோ நெஞ்சுக்குள் முட்டி நிற்கும். அடைப்பு எலும்புக்குப் பின்னால், ஒலியலை எட்டாத இடத்தில். அங்கே கம்பியை அழுத்தித் தள்ளுவது சிரையைக் கிழிக்கும் வேலை. நிறுத்திவிட்டு, எக்ஸ்ரே திரையின் கீழ் சாயம் செலுத்திப் பார்ப்பதே முறை. சில சமயம் பலூனால் விரித்து வழி உண்டாக்குவார்கள். எல்லா வழியும் அடைந்தவர்களுக்கு முதுகுப் பக்கமிருந்தோ கல்லீரல் வழியாகவோ குழாய் வைப்பதும் உண்டு.

காறை எலும்புக்கு அடியில் போடும் குழாயைச் சிறுநீரக மருத்துவர்கள் கூடியவரை தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். அங்கே சிரை சுருங்கினால், அதே கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) செய்தாலும் கை வீங்கும், ஃபிஸ்டுலாவும் நிலைக்காது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்களுக்கு முன்கையை விட்டுவிட்டுப் புறங்கையில் ரத்தம் எடுக்கச் சொல்வதும் பின்னாளில் தேவைப்படும் சிரைகளைக் காப்பாற்றத்தான்.