ரக்கூன்: பழகும் விலங்கும் வளர்ப்பினமும்

வட அமெரிக்காவின் காடுகளையும் ஆற்றங்கரைகளையும் தாயகமாகக் கொண்ட ரக்கூன், கண்களைச் சூழ்ந்த கறுப்புப் பட்டையாலும் வளையம் வளையமாகக் கோடிட்ட வாலாலும் எளிதில் அடையாளம் காணப்படும் இரவாடி விலங்காகும். பகலில் உறங்கி இரவில் இரை தேடும் விலங்குகளே இரவாடிகள் எனப்படுகின்றன. பெரும்பாலும் 5 முதல் 10 கிலோ வரை எடையுள்ள இவ்விலங்கு, பழம், கொட்டை, தவளை, நண்டு, முட்டை, குப்பைத்தொட்டியில் கிடக்கும் மிச்சச் சோறு என எதையும் உண்டு வாழும் அனைத்துண்ணி என்பதால், காட்டிலும் நகரத்திலும் ஒருங்கே பிழைத்துக்கொள்கிறது. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758இல் இதனைக் கரடிப் பேரினத்தில் சேர்த்து, கழுவுவது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லால் குறித்தார். பின்னர் இது கரடிகளிலிருந்து பிரித்துத் தனிக் குடும்பத்தில் வைக்கப்பட்டது எனினும், ஜெர்மானியரும் ஜப்பானியரும் இன்றும் தத்தம் மொழியில் இதனைக் ‘கழுவும் கரடி’ என்றே அழைக்கின்றனர்.

இப்பெயருக்குக் காரணமான செயலைக் கூர்ந்து நோக்கினால் விலங்கின் இயல்பு விளங்கும். அடைத்து வளர்க்கப்படும் ரக்கூன், இட்ட உணவைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுசென்று, முன்னங்கால்களுக்கிடையே வைத்து நீருக்குள் உருட்டி உருட்டித் தடவுகிறது. அப்போது அதன் பார்வை உணவின்மீது பதியாமல் வேறெங்கோ நிலைத்திருக்கும். இது தூய்மை கருதிய செயலன்று. ஓடைக் கல்லிடுக்கில் பதுங்கிய நண்டைக் கண்ணால் காணாமல் தொட்டே கண்டுபிடிக்கும் பழக்கம், ஓடையில்லாத கூண்டிலும் தொடர்வதன் வெளிப்பாடு இது என்று ஆய்வாளர் விளக்குவர். அதன் உள்ளங்கையிலும் ஐந்து விரல்களிலும் தொடுவுணர் நரம்பு முனைகள் செறிந்துள்ளன. மூளையின் மேலடுக்காகிய புறணியில் தொடுவுணர்வுக்கு உரிய பகுதியின் பெரும்பங்கைக் கைகளே எடுத்துக்கொள்கின்றன. ஹெச். பி. டேவிஸ் என்ற ஆய்வாளர் 1907இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலான 13 பூட்டுகளில் 11ஐ ரக்கூன்கள் பத்துக்கும் குறைந்த முயற்சிகளில் திறந்துவிட்டதைப் பதிவு செய்தார். ஓடையில் இரை தேடித்தரும் இந்தக் கை, வீட்டுக்குள் வந்ததும் அலமாரியையும் குளிர்பதனப் பெட்டியையும் ஜன்னல் கொக்கியையும் மருந்து டப்பாவையும் திறக்கிறது. மெத்தையைக் கிழித்து உள்ளே இருப்பதைத் துழாவுகிறது. உரிமையாளர் குறும்பு என்றும் அடங்காமை என்றும் கருதுவது, அவ்விலங்குக்கு அன்றாட வாழ்க்கையே ஆகும்.

இவ்விடத்தில், பழக்குதலுக்கும் வளர்ப்பினமாக்குதலுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. பழக்குதல் என்பது தனியொரு விலங்கு மனிதரை அஞ்சாதவாறு பயிற்றுவது. வளர்ப்பினமாக்குதல் என்பது, மனிதரோடு இணங்கி வாழும் விலங்குகளையே பல தலைமுறைகளாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வித்து, பிறவியிலேயே அவ்விணக்கம் அமையுமாறு செய்வது. கும்கி யானை நன்கு பழகியதே எனினும் யானை வளர்ப்பினம் ஆகிவிடவில்லை. நாயோ பல்லாயிரம் ஆண்டுத் தேர்வின் விளைவு. சோவியத் ஒன்றியத்தில் திமித்ரி பெல்யாயெவ் 1959இல் தொடங்கிய வெள்ளி நரி ஆய்வு, சாதுவான நரிகளை மட்டும் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தே மனிதரை நாடும் குணத்தை உருவாக்கியது. ரக்கூனுக்கு இத்தகைய தேர்வு நிகழவில்லை என்பதால், புட்டிப்பால் குடித்து மடியில் உறங்கிய குட்டிகூட, ஓரிரு வயதில் பருவமடையும்போது தன் எல்லையையும் உணவையும் காக்க முற்பட்டு, முன்னறிகுறியின்றிக் கடிக்கக்கூடும். நாற்பது பற்கள் கொண்ட வாயின் கடி எளிய காயமாக முடிவதில்லை.

கடி மட்டுமன்றி, ரக்கூனிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களும் உள்ளன; அவற்றுள் முதலில் கருதத்தக்கது, நாய்க்கடியால் நாம் நன்கறிந்த ரேபிஸ். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் இந்நோய்க் கிருமியின் ஒரு வகை ரக்கூன்களிடையே நிலைத்துப் பரவிவருகிறது. காட்டு ரக்கூன்களுக்கென 1990களிலிருந்து அங்கு தடுப்பு மருந்து கலந்த இரை தூவப்படுகிறதே தவிர, வீட்டில் வளர்க்கும் ரக்கூனுக்கு ஊசி வழியே செலுத்த அங்கீகரிக்கப்பட்ட ரேபிஸ் தடுப்பூசி அந்நாட்டில் இல்லை. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணித்து முடிவுக்கு வரும் முறை ரக்கூனுக்குப் பொருந்தாது. ஆகவே அது ஒருவரைக் கடித்துவிட்டால், மூளையைச் சோதிப்பதற்காக அதனைக் கொல்ல நேரிடுகிறது. அன்போடு வளர்த்தவர் அதனையே இழக்கும் நிலை இவ்வாறு உருவாகிறது.

இரண்டாவது, ரக்கூனின் குடலில் வாழும் பேலிசாஸ்கரிஸ் என்னும் உருளைப்புழு. ரக்கூனுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத இப்புழுவின் முட்டைகள் நாள்தோறும் இலட்சக்கணக்கில் மலத்தோடு வெளியேறி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொற்றும் தன்மை பெற்று, ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கின்றன. அவை மனித உடலுக்குள் சென்றால், பொரிந்த இளம்புழுக்கள் திசுக்களின் ஊடே ஊர்ந்து கண்ணையும் மூளையையும் அடைந்து, பார்வையிழப்பையும் மீளாத மூளைச் சேதத்தையும் விளைவிக்கும். மனிதரிடையே இத்தொற்று அரிதாகவே கண்டறியப்பட்டுள்ளது என்றாலும், மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி. வளர்ப்பு ரக்கூனுக்குக் கால்நடை மருத்துவர் தொடர்ந்து குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதால் இவ்வாபத்து குறையும். ஆனால் முன்னரே மண்ணில் விழுந்த முட்டைகளை வழக்கமான கிருமிநாசினிகள் அழிப்பதில்லை, கொதிநீர் போன்ற கடும் வெப்பமே அழிக்கும்.

வளர்க்க இயலாதவர் ரக்கூனைக் காட்டில் விட்டுவிடும்போது நேர்வதை ஜப்பான் காட்டுகிறது. ஸ்டெர்லிங் நார்த் என்ற அமெரிக்க எழுத்தாளர், தம் சிறுவயதில் வளர்த்த ரக்கூனைப் பற்றி 1963இல் எழுதிய ‘ராஸ்கல்’ என்ற நூல், 1977இல் ஜப்பானில் தொலைக்காட்சி அசைவூட்டத் தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதைக் கண்டு மகிழ்ந்த குடும்பங்களுக்காக ரக்கூன் குட்டிகள் பெருமளவில் இறக்குமதியாயின. வளர்ந்தபின் கட்டுக்கடங்காத அவற்றுள் பல தப்பியோடின. பல, கதையின் இறுதியில் சிறுவன் செய்தது போலவே காட்டில் விடப்பட்டன. கதையில் வரும் விஸ்கான்சின் காடு ரக்கூனின் சொந்த நிலம். ஜப்பானியக் காடோ அதனை அறியாதது. அங்கு பெருகிய ரக்கூன்கள் சோளத்தையும் முலாம்பழத்தையும் தின்று, பழமையான மரக்கோயில்களின் கூரைகளில் குடியேறி, தூண்களில் நகத்தடம் பதித்தன. 2005இல் நடைமுறைக்கு வந்த அயல் ஆக்கிரமிப்பு இனச் சட்டத்தின்கீழ் ஜப்பானும், 2016இல் வெளியிட்ட பட்டியலின் வழியே ஐரோப்பிய ஒன்றியமும், ரக்கூனை இறக்குமதி செய்வதையும் புதிதாகச் செல்ல விலங்காக வளர்ப்பதையும் தடுத்துள்ளன. அமெரிக்காவிலோ சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது; பல மாநிலங்கள் தடை செய்துள்ளன, சில மாநிலங்கள் உரிமம் பெற்று வளர்க்க இசைகின்றன.

எனவே, உரிமம் பெற்று ரக்கூனை வளர்ப்பவர், அடைப்பில் இருபது ஆண்டு வரையும் வாழக்கூடிய விலங்குக்கு விசாலமான வெளிக்கூண்டு, ஏற மரம், துழாவ நீர்த்தொட்டி, அதற்கு மருத்துவம் செய்ய முன்வரும் கால்நடை மருத்துவர் ஆகியவற்றை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது கடமையாகும். மனிதரை அஞ்ச மறந்த ரக்கூனைக் காட்டில் விடுவது அதற்கும் காட்டுக்கும் இழைக்கும் தீங்கு. தனித்துக் கிடக்கும் குட்டியைக் கண்டோர், இரை தேடிச் சென்ற தாய் திரும்பக்கூடும் என்பதை எண்ணித் தொடாமல் விலகி நின்று, உரிமம் பெற்ற வனவிலங்கு மீட்பாளருக்குத் தெரிவிப்பதே முறை. அத்தகையோர் மனித வாடை அதிகம் படாமல் பிற குட்டிகளோடு சேர்த்து வளர்த்து, நீரில் இரை தேடும் திறன் கைவந்தபின், அதன் தாய்நிலத்திலேயே விடுவிக்கின்றனர்.