காப்பி இயந்திரத்தின் சுண்ணாம்புப் படிவு: நீக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவை

ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்கும் இல்லங்களில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் பொருக்குக் கட்டுவதைக் காணாதவர் இலர். அதே பொருக்குதான் இப்போது பல வீடுகளின் சமையல் மேடையில் இடம்பெற்றுள்ள எஸ்பிரெசோ காப்பி இயந்திரத்தின் உள்ளேயும் படிகிறது. பாத்திரத்தில் அது கண்ணுக்குத் தெரியும், இயந்திரத்தில் தெரியாது. மருத்துவமனை இதழில் காப்பி இயந்திரத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அமிலமும், கொதிநீராவியும், குடிநீர் போலவே தெளிந்து காணப்படும் கரைசலும் ஒரே மேடையில் கூடும் பணி இது. அதனாலேயே இங்கு எழுதுகிறோம்.

நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. இது நீரில் மிக அரிதாகவே கரையும். ஆதலால் சூடான உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. ஆகவே மனிதர் குடிக்கத் தக்க நீரே இயந்திரத்துக்கு ஒவ்வாததாக இருக்கலாம். படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடேற்றும் கம்பி அளவுமீறிக் காய்கிறது, நுண்குழாய்களும் வால்வுகளும் அடைபடுகின்றன. காப்பி சொட்டுச் சொட்டாக இறங்குவதும், நீராவி வலுவிழப்பதும், பம்பின் ஓசை மாறுவதும் இதன் அறிகுறிகள்.

இந்த வெண்படிவு உடலுக்குள் சென்றால் சிறுநீரகக் கல் உண்டாகுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. படிவு நஞ்சன்று. கல் தோன்றுவதற்கு மிக முக்கியமான காரணங்களுள் ஒன்று போதிய நீர் அருந்தாமை. கடின நீருக்கு அஞ்சி நீரைக் குறைப்பதே பெருந்தவறு. ஆக, இங்கு ஆபத்து படிவில் இல்லை. அதனை நீக்கும் முறையில் இருக்கிறது.

முதலில் இயந்திரத்துடன் வந்த கையேட்டைப் படியுங்கள். சில வகைகளுக்கு, குறிப்பாகப் பெரிய கொதிகலன் உடையவற்றுக்கு, வீட்டில் படிவு நீக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கூறுவதுண்டு. பெயர்ந்த சில்லுகள் வால்வில் சிக்கிக்கொள்ளும். அவற்றைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நன்று. கையேடு ஒரு குறிப்பிட்ட மருந்தைச் சொன்னால் அதனையே வாங்குங்கள். சிட்ரிக் அமிலத்தை அது அனுமதித்தால், ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 20 கிராம் தூள் போதும். அறை வெப்பநிலை நீரில் முழுவதும் கரைத்த பின்னரே ஊற்ற வேண்டும். கூடுதலாகப் போட்டால் விரைவாக நீங்கும் என்று எண்ண வேண்டா. செறிந்த சூடான கரைசலில் கால்சியம் சிட்ரேட் என்னும் வேறொரு படிவு உருவாகிப் புது அடைப்பை உண்டாக்கும். வினிகரின் நெடி எளிதில் போகாது. இரப்பர் வளையங்களையும் அது பாதிக்கக்கூடும்.

குளியலறை கழுவும் ஆசிட்டை மட்டும் எக்காரணத்தாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், உலோகத்தை அரிக்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த நீருடன் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்பட்டு நுரையீரலைத் தாக்கும். மேடையைப் பிளீச்சிங் நீரால் துடைத்த அன்று இப்பணி வேண்டா.

இயந்திரம் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். தொட்டியில் நீர் வடிகட்டி இருந்தால் கழற்றிவிட்டுக் கரைசலை ஊற்றுங்கள். தானாகப் படிவு நீக்கும் அமைப்பு உள்ள இயந்திரமாயின் அதனையே இயக்கி, இடையில் நிறுத்தாமல் முடியுங்கள். இல்லையெனில், காப்பித்தூள் இன்றிக் கால் பங்குக் கரைசலைக் காப்பி வடியும் வழியே விடுங்கள். சிறிதளவை நீராவிக் குழாய் வழியே ஆழமான பாத்திரத்தில் விடுங்கள். குழாயின் முனையைப் பாத்திரத்துக்குள் வைத்த பின்னரே திருகைத் திறக்க வேண்டும்; முதலில் சீறித் தெறிப்பது அதுவே. பின் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் காத்திருந்து, மீதியையும் அவ்வாறே செலுத்துங்கள். அழுத்தம் உள்ளபோது எந்த மூடியையும் திறவாதீர்கள்.

காத்திருக்கும் அந்த 20 நிமிடமே எமக்கு மிகுந்த கவலை தருவது. தொட்டியில் இருப்பது நீர்போலத்தான் தெரியும். மதிய உறக்கம் கலைந்து நான்கு மணிக் காப்பிக்கு வரும் பெரியவருக்கு நீங்கள் செய்துகொண்டிருப்பது தெரியாது. மின்செருகியைக் கழற்றி, ‘காப்பி போட வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி இயந்திரத்தின் மேல் ஒட்டுங்கள். மீந்த கரைசலைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், அன்றே கொட்டிவிடுங்கள். தூளையும் மருந்தையும் அவற்றின் மூலப் பொதியிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பிறகு தொட்டியைக் கழுவி, குறைந்தது இரண்டு தொட்டி நல்ல நீரை எல்லா வழிகளிலும் ஓடவிட வேண்டும். கடைசியாக வரும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவை இடுங்கள். நுரைத்தால் அமிலம் எஞ்சியுள்ளது, மீண்டும் அலச வேண்டும்.

மேற்சொன்ன அளவில் கரைத்த சிட்ரிக் அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிடப் புளிப்பானதன்று. ஒரு வாய் விழுங்கியவருக்குப் பெருந்தீங்கு நேர்வது அரிது. கடை மருந்துகளின் செறிவும் குளியலறை ஆசிட்டும் அவ்வாறல்ல. அவற்றை விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்பு நீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். கண்ணில் தூளோ கரைசலோ பட்டால், இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் நீரில் கழுவிய பின்னர் வாருங்கள். நீராவி சுட்ட இடத்தை 20 நிமிடம் குழாய் நீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் பூச வேண்டா.

கீமோதெரபி பெறுபவரோ உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவரோ வீட்டில் இருந்தால் ஒன்று கூடுதலாக நினைவிருக்கட்டும். படிவை நீக்குவது கிருமியை நீக்குவதாகாது. தேங்கிய நீரிலும் பால் ஒட்டிய குழாயிலும் நுண்ணுயிர்கள் பெருகும். தொட்டியை இரவில் காலி செய்து கவிழ்த்து வைப்பதும், பால் காய்ச்சிய உடனே குழாயைத் துடைத்து ஒருமுறை நீராவியை வெளியேற்றுவதும் அன்றாடம் நடைபெற வேண்டும்.