வாசல்வரை வந்த உழவு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், சில்ட்ரஸ் மாவட்டம். 1938ஆம் ஆண்டு கோடையில் டோரத்தியா லேங் அங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆளில்லாத சின்ன மரவீடு. அதைச் சுற்றி நிழல் என்று எதுவுமில்லை. முன்னால் முழுக்க உழுத நிலம். டிராக்டர் கீறிய சால்கள் வளைந்து வளைந்து ஓடி, வீட்டை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. முற்றம் இல்லை, நடக்கத் தடம் இல்லை. பிள்ளைகள் ஓடியாடியிருக்கக்கூடிய மண்ணும் பருத்திக்காட்டோடு போய்விட்டது.

பாழடைந்த வீட்டைக் கண்டால் படமெடுப்பவரின் கால்கள் தானாக உள்ளே போகும். உரிந்த சாயம், துருப்பிடித்த தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி எல்லாம் கூப்பிடும். லேங் தள்ளி நின்றார். அதனால்தான் குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்ற விவரமும் படத்துக்குள் வந்து சேர்ந்தது. பருத்திப் பரப்பைக் குறைப்பதற்காக 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது. பலர் அந்தப் பணத்தில் டிராக்டர் வாங்கி, குத்தகைக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்தப் பத்தாண்டில் மக்களை விரட்டியது புழுதிப்புயல் மட்டுமல்ல. லேங் அப்போது அதே அரசின் விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பெரிய துணிச்சல் அது.

இன்று பாழடைந்த வீட்டுப் படங்களுக்குப் பேர்போன ஊர், நமீபியாவில் லூடெரிட்ஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோல்மான்ஸ்கோப். வைரத்தால் எழுந்த ஜெர்மானியர் குடியிருப்பு. 1928இல் தெற்கே ஆரஞ்சு ஆற்றங்கரைப் பக்கம் இன்னும் செழிப்பான வைரப் படிவுகள் அகப்பட, ஊர் கரையத் தொடங்கியது. 1956இல் முழுக்கக் காலியானது. மாளிகை அறைகளில் இப்போது மணல் குவிந்து கிடக்கிறது. சாய்ந்த காலை வெயிலில் அந்த மணலும் வெளிறிய நீலச் சுவர்களும் சேர்ந்தால் யார் எடுத்தாலும் படம் அழகாக வரும். எனக்கு உறுத்துவதும் அதுதான். பாலைவனமே ஊரை விழுங்கியது என்றுதான் அந்தப் படங்கள் நம்மை நம்பவைக்கின்றன. வைரத்தின் பின்னால் ஆட்கள் போன பிறகே மணல் உள்ளே வந்தது.

அதே மணலை மண்வெட்டியால் வாரி ரயில் பாதையைத் துப்புரவாக வைப்பது சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளியின் வேலை. 1908இல் அப்படி வாரும்போது அவர் கையில் கிடைத்த கல்லிலிருந்துதான் இந்த ஊரின் கதையே தொடங்குகிறது. மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்கிடம் அதைக் கொடுத்தார். ஸ்டாவ்க் பெரும் பணக்காரரானார். லெவாலாவுக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை.

கோல்மான்ஸ்கோப்புக்குக் கேமராவோடு போகிறவர்கள் நீல அறையைத் தாராளமாக எடுக்கட்டும். அதற்கு முன் முக்காலியை வெளியே ஊன்றி, அருகில் ஓடும் ரயில் பாதையை மணலோடு சேர்த்து ஒரு படமாவது எடுக்க வேண்டும். அடியில் லெவாலாவின் பெயரையும் எழுத வேண்டும்.