பிஞ்சு உதிர்வது கண்ணேறு அல்ல

“ஹஜ்ரத், மொட்டை மாடியில் பூசணிக் கொடி நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. யார் கண் பட்டதோ, ஓதித் தருவீர்களா?” என்று ஒரு சகோதரி கேட்டார். பூச்சிமருந்து அடிக்கிறீர்களா என்று கேட்டேன். “தினமும் காலையில் அடிக்கிறேனே” என்றார். காரணம் அதில்தான் இருந்தது.

பூசணியிலும் பாகற்காயிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் மகரந்தம் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது, தேனீ சுமந்து போக வேண்டும். பூசணிப் பூ ஃபஜ்ர் நேரத்தை ஒட்டி விரிந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் மருந்து அடித்தால், வேலைக்கு வருபவரை வாசலிலேயே விரட்டியதாகிவிடும்.

தண்ணீர்க் குறைவாலும் பிஞ்சு உதிரும். எது காரணம் என்று அறிய எளிய வழி உண்டு. காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். அந்தப் பிஞ்சு மட்டும் நின்று வளர்ந்தால், உங்கள் தோட்டத்தில் குறைவது பூச்சிகள்தான்.

நம் வீட்டைச் சுற்றியே இந்த வேலையாட்கள் இருக்கிறார்கள். சுவர் இடுக்கில் கூடு கட்டும் கொசுத்தேனீக்குக் கொடுக்கு இல்லை. முருங்கைப் பூவுக்கு வரும் பெரிய கருவண்டும் தேனீ இனமே. அது காய்ந்த மரத்தில் துளையிட்டு முட்டையிடும். புடலம்பூ மக்ரிபுக்குப் பிறகு விரியும்; அதைத் தேடி வருவது அந்திப்பூச்சி. புள்ளி போட்ட பொறிவண்டு செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும். எலுமிச்சை இலையைக் கடிக்கும் புழு சில வாரங்களில் வண்ணத்துப்பூச்சியாகும்.

குர்ஆனின் 16வது அத்தியாயத்துக்கே ‘அந்நஹ்ல்’, அதாவது தேனீ, என்று பெயர். தேனீயைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அப்படியிருக்க, கூட்டைக் கண்டதும் தீப்பந்தம் தேடலாமா? மலைத்தேனீக் கூடு என்றால் பிள்ளைகளை விலக்கி வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரை அழையுங்கள்.

பூத்திருக்கும் செடியில் மருந்து அடிக்காதீர்கள். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே கழுவலாம். ஓரமாக ஒரு துளசிச் செடியைப் பூக்க விடுங்கள். காய்ந்த முருங்கைக் கிளை ஒன்றை அப்படியே விட்டுவையுங்கள்.

அந்தச் சகோதரியிடமும் இதையே சொன்னேன். ஓதவும் செய்தேன், காலையில் மருந்து அடிப்பதை நிறுத்தவும் சொன்னேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த பிஞ்சு நிற்கும்.