சிறுமுதலிற் பிறந்த அச்சம்

வாழ்க்கையில் அச்சத்தை விரும்புவார் எவருமிலர். கலையிலோ அதனை நாடிச் செல்வார் பலர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அது பிறத்தற்குரிய நிலைக்களன்கள் என வகுத்தார். வடமொழி நாடக நூலார் அதனையே பயானகம் என்னும் சுவையாகக் கொண்டனர். இக்காலத்தில் அச்சுவையைப் பெரிதும் ஆள்வது திரைப்படமாகும். பொருள் மிகுந்தோர் எடுத்த படங்களே அச்சத்தை நன்கு விளைவிக்கும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து முற்றும் பொருந்தாது என்பதற்கு 1962 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த 'கார்னிவல் ஒவ் சோல்ஸ்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் தக்க சான்றாகும். 'ஆன்மாக்களின் களியாட்டம்' என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

இப்படத்தை நெறிப்படுத்தியவர் ஹேர்க் ஹாவி என்பவர். இவர் ஹொலிவூட்டைச் சேர்ந்தவரல்லர். கன்சஸ் மாநிலத்து லோறன்ஸ் நகரில், பாடசாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய போதனைப் படங்களை எடுத்துக் கொடுத்த சென்ட்ரன் என்னும் நிறுவனத்திற் பணியாற்றியவர். கலிபோர்னியாவிலிருந்து காரில் ஊர் திரும்பும் வழியில், யூற்றா மாநிலத்துப் பேருப்பேரியின் கரையிலே பாழடைந்து கிடந்த சால்ற்றெயர் என்னும் களியாட்ட மண்டபத்தை அவர் கண்டார். 1893 இல் திறக்கப்பட்டு, 1925 இல் தீப்பற்றி எரிந்து, மீளக் கட்டப்பட்டு, 1958 இல் மூடப்பட்ட மண்டபம் அது. ஏரி நீர் விலகிச் சென்றமையால் வெறும் உப்பு மணலிடையே தன் குவிமாடங்களோடு தனித்து நின்றது. அவ்விடத்திலே இறந்தோர் கூடி நடனமாடும் காட்சி ஒன்று அவர் மனத்தெழுந்தது. உடன் பணியாற்றிய ஜோன் கிளிபர்ட் என்பவர் அதனைச் சுற்றிக் கதை எழுதினார்.

செலவு ஏறக்குறைய 33,000 டொலர். அதில் ஒரு பகுதி உள்ளூர் வணிகரிடம் திரட்டப்பட்டது. படப்பிடிப்பு மூன்று வாரங்களில் முடிந்தது. சிக்கனமாக எடுக்கப்பட்டதென்று சொல்லப்படும் ஹிச்சொக்கின் 'சைக்கோ' (1960) என்னும் படத்துக்குச் செலவானது ஏறத்தாழ எட்டு இலட்சம் டொலர்; அதில் இருபதிலொரு பங்குகூட ஹாவியிடம் இருந்ததில்லை. வெளிறிய முகத்தோடு தோன்றும் பேயுருவாக அவரே நடித்தார்.

கதை எளியது. மேரி ஹென்றி என்னும் பெண் தோழியரோடு சென்ற கார் பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்கின்றது. சில மணி நேரத்தின்பின் அவள் மட்டும் சேற்றோடு கரையேறுகின்றாள். எவ்வாறு தப்பினாள் என்பது அவளுக்கே தெரியாது. பின்னர் யூற்றாவில் ஒரு தேவாலயத்தில் ஓகன் வாசிக்கும் வேலையை ஏற்றுச் செல்கின்றாள். வழியிலே கார்க் கண்ணாடியில் வெளிறிய முகம் ஒன்று தோன்றுகின்றது. அதுமுதல் அவ்வுருவம் அவளைத் தொடர்கின்றது. பாழ்மண்டபமும் அவளை இழுக்கின்றது. முடிவில் மணலிற் பதிந்த அவள் காலடிகள் இடையிலே நின்றுவிடுகின்றன. ஆற்றிலிருந்து மேலேற்றப்படும் காரினுள்ளே, தோழியர் உடல்களுடன் அவளுடலும் காணப்படுகின்றது.

இப்படத்தின் ஆற்றல் விளங்கும் இடம் ஒன்றை ஈண்டு எடுத்துக் காட்டுதல் தகும். மேரி ஒரு கடையில் உடை அணிந்து பார்க்கின்றாள். திடீரெனத் திரையில் நீரலை போன்ற ஒரு நெளிவு தோன்றுகின்றது; உடனே உலகத்து ஒலிகள் அற்றுப்போகின்றன. கடைப்பெண்ணிடம் பேசுகின்றாள், அவள் திரும்பிப் பாராள். வீதியில் வாகனங்கள் ஓசையின்றிச் செல்கின்றன. பூங்காவில் ஒரு மரத்தைப் பற்றி நிற்கும்போது பறவை ஒன்றின் குரல் கேட்கின்றது, உலகம் மீள்கின்றது. இக்காட்சிக்குச் செலவு யாது? ஒலியை நீக்குதற்குப் பொருள் வேண்டியதில்லை. எனினும், மக்கள் நடுவே நின்றும் எவராலும் காணப்படாமை என்னும் துன்பத்தை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. தொல்காப்பியர் கூறிய நான்கனுள் அணங்கே இங்கு வெளிப்படையாக நிற்பது. ஆயின் அதனினும் ஆழமான அச்சம், தான் உயிரோடு இருக்கின்றேனோ என்று ஒருத்தி தன்னையே ஐயுறுவதில் உள்ளது.

பிற சிறப்புக்களும் வறுமையோடு தொடர்புடையன. பின்னணித் திரை அமைத்துக் கார்ப் பயணத்தைக் காட்ட வசதியில்லாமையால், கையிற் பிடிக்கத்தக்க சிறிய கமெராவை ஓடுங் காருக்குள்ளேயே கொண்டு சென்றனர். லோறன்ஸ் நகரத்து றொய்ற்றர் ஓகன் தொழிற்சாலையும் மெய்யான வீதிகளும் கடைகளுமே காட்சிக்களங்களாயின. பெரிய வாத்தியக் குழுவுக்குப் பதிலாக ஜீன் மூர் வாசித்த ஓகன் ஒன்றே படமுழுதும் ஒலிக்கின்றது. கதைத் தலைவியும் அக்கருவியை வாசிப்பவளே யாதலின், கேட்கும் இசை அவள் கைவிரல்களிலிருந்து எழுவதோ, வேறிடத்திலிருந்து வருவதோ என்னும் மயக்கம் உண்டாகின்றது.

குறைகளும் மறைக்கற்பாலன அல்ல. சில இடங்களில் உதட்டசைவும் குரலும் ஒத்துவரவில்லை. துணை நடிகர் சிலரின் பேச்சு ஒப்புவித்தல் போலுள்ளது. மருத்துவர் வரும் காட்சிகள் தளர்ந்து செல்கின்றன. பயிற்சி பெற்ற நடிகையாகிய கன்டேஸ் ஹில்லிகொஸ் இவற்றிடையே படத்தைத் தாங்கி நிற்கின்றார். குறைகளைக் கண்டு நகைப்பதற்கென்றே இத்தகைய படங்களைப் பார்ப்பார் உளர். பழமையானது என்பதனாலேயே எல்லாவற்றையும் புகழ்வாரும் உளர். இவ்விருவருமே படத்தைப் பார்த்தவராகார். வறுமையால் விளைந்த குறை யாது, வறுமையைக் கருவியாக்கிக் கொண்ட திறன் யாது என்று பகுத்தறிதலே பார்வையாளரின் கடன்.

படம் முதலில் ஆதரவு பெறவில்லை. விநியோகித்த நிறுவனம் சில நிமிடங்களை வெட்டி, கார்களிலிருந்தவாறே பார்க்கும் திறந்தவெளி அரங்குகளில் வேறொரு படத்தோடு சேர்த்துக் காட்டியது. பின் அந்நிறுவனமே முறிந்தது. எடுத்தவர்க்குப் பயன் கிட்டவில்லை. பதிப்புரிமை அறிவித்தல் முறைப்படி பொறிக்கப்படாமையால் படம் எவர்க்கும் உரிய பொதுப் பொருளாயிற்று. அதுவே ஒருவகையில் நன்மையாயிற்று. தொலைக்காட்சி நிலையங்கள் நள்ளிரவுகளில் அதனை ஒளிபரப்பின, உறங்காதிருந்த சிலர் பார்த்தனர், பார்த்தவர் மறந்திலர். ஜோர்ஜ் ரொமேரோவின் 'உயிருள்ள பிணங்களின் இரவு' (1968) என்னும் புகழ்பெற்ற படத்தில் இதன் சாயலை விமர்சகர் காண்பர். 1989 இல் அது மீண்டும் அரங்குகளிற் காட்டப்பட்டுப் பாராட்டுப் பெற்றது. 1996 இல் மறைந்த ஹாவி அதனைக் காணும் பேறு பெற்றார். எனினும் அவர் வேறு கதைப்படம் எடுத்திலர். போதனைப் படங்களையே தொடர்ந்து எடுத்தார். சால்ற்றெயர் மண்டபமும் 1970 இல் மீண்டும் எரிந்தழிந்தது. அதன் உருவம் இப்படத்தில் எஞ்சியுள்ளது.

காணப்படாத பெண்ணைப் பற்றிய இப்படமே இருபத்தேழு ஆண்டுகள் பெரும்பாலும் காணப்படாது கிடந்தது. இன்று அதனைத் தேடிப் பெறுதல் எளிது. பார்க்க விரும்புவோர் விளக்கை அணைத்து, இடையீடின்றி, ஒலியற்ற இடங்களிலும் செவியைக் கூர்மையாக வைத்துப் பார்ப்பாராக. மாணவர் நாடகமோ படமோ ஆக்க முற்படும்போது, கையிலுள்ள பொருள் சிறிதென்று சோர்வதற்கு முன், ஒலியை நிறுத்துதல் ஒன்றினாலேயே ஓர் உலகத்தை மறையச் செய்த இந்தச் சிறிய குழுவினரை நினைவு கூர்தல் பயன் தரும்.